கடலைப் பார்த்த சுவர்

லிவர்பூல்
1868, மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷோனெட் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பிப்ரவரி முழுக்கப் படுத்திய இருமல் ஒருவழியாக விட்டுப் போயிற்று. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சுண்ணாம்புக் காளவாய் வாசலே கதி என்று ஒரு பக்கம் வெந்தும் மறுபக்கம் விறைத்தும் உட்கார்ந்திருக்கிறீர்களா?

மே கடைசியில் வரும் பெந்தெகொஸ்தேப் பண்டிகை முடிந்த வாரம் கல்யாணம் என்று இத்தெல் சொல்லிவிட்டார். போன மாதம் இங்கே சரக்கு இறக்க வந்தவர் சபைக்கு வந்து, ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்கப்பா சம்மதிச்சுட்டாரு. மேட்டுல நாம குடியிருக்கப் போற பிரின் எய்தின் வீட்டுக்குக் கூரையும் போட்டாச்சு. இனிமே நீ மாட்டேன்னு சொன்னா ஆட்டைத்தான் குடிவைக்கணும்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்பா, எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்த வீட்டுக்கு நல்ல வெள்ளை அடித்துக் கொடுங்கள். நம் ஊரில் ஆட்டுக்கு அடையாளம் பூசும் செங்காவியைக் கலந்து அடிக்கிறார்களே, அந்த நிறம் வேண்டாம். அம்மா போன பிறகு மலைப்பக்கம் சித்தி வீட்டில் வளர்ந்தவள் நான். எப்போதாவது உங்களைப் பார்க்க வரும்போது ஊரே மூக்கு சிவந்து நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு வெள்ளை வேண்டும். அதுவும் கடலைப் பார்த்த சுவரை முதலில் அடியுங்கள்.

இத்தெலின் அம்மா பெட்சன் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ஷோனெட்


போர்த் கெசிக்
மார்ச் 23

என் மகள் ஷோனெட்டுக்கு,

அப்பா ஹாப்கின் எழுதுவது. தேவன் தயவால் உயிரோடு இருக்கிறேன். முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அது என்னைவிட்டுத் தனியாகக் குடித்தனம் நடத்துகிறது. உன் இருமல் போனதில் சந்தோஷம்.

வெள்ளை கேட்கிறாய். காளவாய்க்காரன் மகளுக்குச் சுண்ணாம்புக்குப் பஞ்சமா? ஆனால் இந்த ஊரில் கடலைப் பார்த்த சுவர் என்றால் செங்காவி கலந்துதான் அடிப்பார்கள். கடைக்காரரின் வெள்ளை வீடு ஒன்றுக்குத்தான் விலக்கு. அதற்கு மட்டும் வருஷா வருஷம் பெந்தெகொஸ்தே வாரத்தில் ஊர் சேர்ந்து வெள்ளை அடிக்கிறோம். பொழுது சாய்ந்தால் பெண்கள் வெள்ளைத் துணியைக்கூடக் கொடியில் விடமாட்டார்கள். கேட்டால் கப்பற்காரர்கள் வழக்கம் என்பார்கள். எனக்கு அவர்கள் சங்கதி தெரியாது. பிறந்ததிலிருந்து கடலுக்கு முதுகைக் காட்டி நெருப்பைப் பார்த்து உட்கார்ந்தவன். படகில் ஒரு காலைக்கூட வைத்ததில்லை. இத்தெல் இதைச் சொல்லியே என்னைக் கிண்டலடிப்பான்.

பெட்சன் நேற்று கஞ்சியும் மோரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மருமக எழுதினாளா? என்ன எழுதினா? வாசிச்சுக் காட்டுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது, தெரியுமல்லவா. இருமலை மட்டும் வாசித்தேன். மற்றதை மென்று விழுங்கிவிட்டேன்.

செங்காவி கொஞ்சமாகப் போட்டால் இளஞ்சிவப்பாக இருக்கும். யோசித்துச் சொல்.

உன் அப்பா


லிவர்பூல்
ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும் என்று நேற்று சபையில் வேண்டிக்கொண்டேன்.

இளஞ்சிவப்பு வேண்டாம், பழுப்பு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெள்ளை. பத்து வயதிலிருந்து அடுத்தவர் வீட்டில் வளர்ந்து, பதினாறிலிருந்து அடுத்தவர் வீட்டுப் படியைத் தேய்த்தவள், முதல்முதலாக என் வீடு என்று ஒன்றைக் கேட்கிறேன். உங்களிடம் இதற்குமுன் நான் எதையும் கேட்டதில்லை. கேட்கிற தூரத்தில் நீங்கள் இருந்ததும் இல்லை. கோபத்தில் சொல்லவில்லை அப்பா.

இன்னொன்று. இத்தெலிடம் சொல்லாதீர்கள். அவர் தெற்கே சுண்ணாம்புக்கல் ஏற்றப் போயிருக்கிறாரே, திரும்பி வருவதற்குள் முடித்துவிடுங்கள். கரைக்கு வருமுன்பே, கடலில் இருந்தே பார்த்து அசந்து போகட்டும்.

ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருக்கிறேன். எஜமானியம்மா பழைய துணி கொடுத்தாள். இங்குள்ள சமையற்காரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கப்பல்காரன் பெண்டாட்டி" என்று பாடுகிறாள்.

முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். நாற்றம் பொறுக்க முடியாது. அதுதான் நல்ல தைலத்துக்கு அடையாளமாம்.

உங்கள் ஷோனெட்


போர்த் கெசிக்
மே 12

என் மகளுக்கு,

நலம். தைலம் வந்தது. வீட்டை விட்டுப் பூனை ஓடிவிட்டது.

உன் காரியம் முடிந்தது. போன தடவை இத்தெல் இறக்கிய கல்லில் நல்ல கட்டியாகப் பார்த்துத் தனியே சுட்டேன். நீர்த்துத் தெளிந்ததும் பால் மாதிரி வந்தது. கடல் பக்கச் சுவருக்கு மூன்று பூச்சு அடித்தேன். முதல் பூச்சு காய்ந்ததும் கொஞ்சம் செங்காவியைக் கையில் எடுத்தேன். உன் கடிதம் ஞாபகம் வந்தது, கீழே போட்டுவிட்டேன்.

நேற்று ஊரே வந்து பார்த்தது. ஆண்களில் பாதிப் பேர் கடலில் இருக்கிறார்கள். பெண்களும் என்னைப் போலக் கிழடுகளும்தான். கடைக்காரர் மனைவி, "கண்ணு கூசுது ஹாப்கின், பொண்ணுக்குச் சுவரா, ராணிக்கு அரண்மனையா?" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அழைப்புக்காரர் தடியில் ரிப்பன் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கல்யாணம் சொல்லக் கிளம்பிவிட்டார். பாட்டு மட்டும் சகிக்கவில்லை. இத்தெலின் படகு எலேரியில் கல் ஏற்றியாகிவிட்டது என்று தெற்கிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். காற்று அமைந்தால் இந்த வாரமே இத்தெல் வந்துவிடுவான். அவனோடு படகில் வேலை செய்யும் சாத்ராக்கும் வருகிறான். சாத்ராக் உனக்காக ஒரு தேநீர்க் குடுவை வாங்கியிருக்கிறானாம். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அப்பா


போர்த் கெசிக்
மே 18

ஷோனெட்,

உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எலேரி நம் துறை வாயிலில் குதிரைப் பாறையில் மோதி உடைந்தது. இத்தெலும் சாத்ராக்கும் போய்விட்டார்கள். இத்தெல் வெள்ளிக்கிழமை காலையில் கரைக்கு வந்தான். சாத்ராக்கைக் கடல் இன்னும் தரவில்லை.

இன்று அடக்கம் செய்தோம். உனக்குச் சொல்லியனுப்பிக் காத்திருக்க வழியில்லை, மகளே. கல்யாணம் சொல்லப் போன அழைப்புக்காரர், தடியில் கட்டிய ரிப்பனை அவிழ்த்துவிட்டு அதே வீடுகளுக்கு அடக்கம் சொல்லப் போனார்.

நீ வர வேண்டாம். வந்து பார்க்க இங்கே ஒன்றும் இல்லை. அங்கேயே இரு. தேவன் உன்னைத் தாங்கட்டும். எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை.

அப்பா


லிவர்பூல்
மே 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன். வேலை செய்கிறேன். எஜமானியம்மா இரண்டு நாள் படுக்கச் சொன்னாள். படுத்தால் திரைத்துணி கண்ணில் படுகிறது, அதனால் எழுந்துவிட்டேன்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. குதிரைப் பாறையில் எப்படி? அது அவர் பிறந்த கடல். பத்து வயதில் அவங்கப்பாவோடு அந்த வழியில் வந்தவர். "கண்ணைக் கட்டிவிட்டாக்கூட அந்தப் பாறைச் சந்துல நுழைஞ்சு வந்துருவேன்" என்று என்னிடம் சொன்னவர். புயலா? மூடுபனியா? பாய் கிழிந்ததா? நீங்கள் "மோதி உடைந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தடவை படித்தாலும் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

நீங்கள் காளவாயில்தானே இருந்திருப்பீர்கள்? பார்த்தீர்களா?

இதையும் கேட்டுவிடுகிறேன், சிரிக்காதீர்கள். அவர் நம் வீட்டைப் பார்த்தாரா? வெளிச்சம் இருந்ததா? கடலில் இருந்து அந்தச் சுவரை ஒருமுறையாவது பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால் அது போதும் எனக்கு. அதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவேன். சொல்லுங்கள் அப்பா.

அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷோனெட்


போர்த் கெசிக்
ஜூலை 2

என் மகள் ஷோனெட்டுக்கு,

உன் கடிதங்கள் மூன்றும் வந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு சுமார். நீ சாப்பிடுவதாக எழுதியது ஆறுதல்.

இங்கே மழை. உருளைக்கிழங்குச் செடியில் இலை கருகத் தொடங்கியிருக்கிறது. கடைக்காரருடைய பசு கன்று போட்டது, கன்று பிழைக்கவில்லை. மீன் வரத்து மோசம். பெட்சன் நடமாடுகிறாள். தினமும் எனக்குக் கஞ்சி கொண்டுவருகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நான் குடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டது. புயல் இல்லை. அலை கொஞ்சம் இருந்தது. பொழுது சாய்கிற நேரம். கடல் விஷயம் எனக்கு என்ன தெரியும்?

வீட்டை அவன் பார்த்திருக்க மாட்டான். அந்த நினைப்பை விட்டுவிடு.

காளவாயை அணைத்துவிட்டேன். கல் வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா


லிவர்பூல்
ஜூலை 20

அப்பாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை.

நேற்று ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து நம் ஊர்ப்பக்கத்துப் பத்திரிகையைக் கையில் கொடுத்தார். மரண விசாரணையைப் பற்றிப் போட்டிருக்கிறது. மே மாதத்துப் பத்திரிகை, உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். எலேரி கிளம்பிய துறைமுகத்துச் சாராயக்கடைக்காரன் வந்து சாட்சி சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் அவன் கடையில் இருந்தார்களாம். "அமைதியான மாலை, பழகிய துறை, மாலுமியின் கவனக்குறைவு, குடியே காரணமாக இருக்கலாம்" என்று தீர்ப்பு.

இத்தெல் குடித்தாரா? மதுவிலக்கு உறுதிமொழியில் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டவர். திருவிருந்தில் கொடுக்கிற மதுவையே உதட்டில் ஒற்றிவிட்டுக் கொடுக்கிறவர். கடைக்குப் போயிருந்தால் சாத்ராக்கை இழுத்துவரத்தான் போயிருப்பார். அது ஊருக்கே தெரியுமே. அந்த விசாரணையில் நம் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட எழுந்து "இல்லை" என்று சொல்லவில்லையா? நீங்கள் இருந்தீர்களா? இருந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களா?

இங்கே சபையில் எனக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறார்கள். குடிகாரனை நம்பி மோசம்போனவள் என்று பரிதாபப்படுகிறார்கள். அந்தப் பரிதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தை பேசட்டும். பெற்றவள் பேசினால் விசாரணை அதிகாரி கேட்டுத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் அறுவடை மாதத்தில் வேலையை விட்டுவிட்டு நானே வருகிறேன். சபையின் நடுவில் நின்று கேட்கிறேன். கேட்டுவிட்டு அந்த வெள்ளை வீட்டிலேயே, என் வீட்டிலேயே, இருந்துவிடுகிறேன். இத்தெலின் பெயரைக் கழுவாமல் நான் ஓய மாட்டேன்.

ஷோனெட்


போர்த் கெசிக்
ஆகஸ்ட் 1

(பெட்சன் சொல்ல, ஹாப்கின் எழுதுவது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.)

கண்ணு ஷோனெட்,

நல்லாயிருக்கியாம்மா? வேளைக்குச் சாப்பிடு. நான் நல்லாயிருக்கேன். கை காலு ஓடுது. வேற என்ன வேணும்.

உங்கப்பா உன் கடுதாசியை வாசிச்சாரு. எம் புள்ள குடிக்கல. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவனைப் படைச்சவனுக்குத் தெரியும். மத்தவன் தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்யப் போறான்? பேப்பர்ல போட்டா போட்டுட்டுப் போறான். அந்தப் பேப்பர்ல நாளைக்கு மீன் கட்டுவான்.

நீ வர வேணாம். இங்க வந்து யாருகிட்டயும் கேக்க வேணாம். அந்த அதிகாரிக்கு எழுதவும் வேணாம். உன்னைக் கையெடுத்துக் கும்புடுறேன். நீ சின்னப் பொண்ணு. வேற நல்ல பையனாப் பாரு. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

என்ன எழுதாம உக்காந்திருக்கீங்க? எழுதுங்க. "வருத்தமில்ல"ன்னு எழுதுங்க. எழுதிட்டீங்களா? காட்டுங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஏமாத்தக் கூடாது.

வேற ஒண்ணுமில்ல கண்ணு. உங்கப்பா ரொம்ப எளச்சுட்டாரு. அவர் மேல கோவப்படாத.

அத்தை


போர்த் கெசிக்
ஆகஸ்ட் 25

ஷோனெட்,

நீ பெட்சனுக்கு எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒரு வரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். "எதையோ விட்டுட்டீங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. திரும்ப வாசிங்க" என்றாள். வாசித்தேன். "நீங்கள் அவரைப் பெற்றவள்தானா?" என்று நீ கேட்ட வரி அது. அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, "பொண்ணுக்குக் கோவம். கோவம் நல்லதுதான், கோவம் இருக்கிறவரைக்கும் விழ மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாதி வழியில் அவள் பாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதைப் பார்த்தேன்.

இதற்குமேல் என்னால் முடியாது. அவளுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஊர் முழுக்க வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கை நான் உடைக்கிறேன்.

இத்தெல் குடிக்கவில்லை. வழி தவறவும் இல்லை. அவன் சரியாகத்தான் வந்தான்.

பொழுது சாய்கிறபோது நம் துறைக்குள் வருகிற முறை இது: கீழே கரையில் என் காளவாய் நெருப்பு. மேலே கடைக்காரரின் வெள்ளை வீட்டுச் சுவர். நெருப்புக்கு நேர் மேலே அந்த வெள்ளை நிற்கும்படி படகைத் திருப்பிக்கொண்டு, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகவே வைத்துக்கொண்டு வந்தால் குதிரைப் பாறை ஒதுங்கிவிடும். கடலுக்கு ஒரே வெள்ளைதான் தெரிய வேண்டும். அதற்குத்தான் மற்றச் சுவர்களுக்கெல்லாம் செங்காவி. இத்தனை வருஷம் அந்த நெருப்பை எரித்தவன் நான். அது வழிகாட்டுகிற நெருப்பு என்று தெரியும். கடலில் இருந்து அது எப்படித் தெரியும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கடைக்காரர் வீட்டுச் சுவர் குளிர்காலத்து மழையில் நனைந்து சாம்பல் பூத்துக் கிடந்தது. பெந்தெகொஸ்தேக்கு இன்னும் நாள் இருந்தது. உன் பிரின் எய்தின் சுவர் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருந்தது.

அன்று கல் வரப்போகிறதென்று நெருப்பு மூட்டியிருந்தேன். பாயைப் பார்த்ததும் எழுந்து நின்று தொப்பியை ஆட்டினேன். படகு வழக்கமான இடத்தில் திரும்பாமல் வடக்கே போய்த் திரும்பியது. ஏன் அங்கே போகிறான் என்று பார்த்தேன். அவன் முகம் இருந்த பக்கம் நானும் திரும்பிப் பார்த்தேன். என் தலைக்கு மேலே, மேட்டில், உன் வீடு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மகளே. உன் சுவரைக் கடைக்காரர் வீடு என்று எண்ணித் திரும்பியிருக்கிறான். கத்தினேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எச்சரிக்கை என்று நினைத்து நெருப்பில் கரியை வாரிப் போட்டுக் கிளறினேன். அது கொழுந்துவிட்டு எரிந்தது. எரிய எரிய அவன் அதை நம்பி நேராக வந்தான். தண்ணீரை ஊற்றி அணைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ஊரார் படகுக்குப் பூசும் தாரைக் கொண்டுவந்து அந்தச் சுவரை மூடினார்கள். முதல் கை பெட்சன் பூசினாள். மகன் வீட்டில் கிடக்கிறான். அவள் ஏணியில் நிற்கிறாள். இறங்கிவந்து எல்லோரிடமும், "இந்தச் சுவர் வெள்ளையா இருந்ததை யாரும் பார்க்கல. அந்தப் பொண்ணு காதுக்குப் போச்சுன்னா அவ உசுரோட இருக்க மாட்டா. எனக்கு ஒரு சாவு போதும்" என்றாள். விசாரணை அதிகாரி, "துறையின் அடையாளங்களில் மாற்றம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். மூப்பர்கள் முதற்கொண்டு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பொய்ச்சாட்சி சொல்லாத ஊர் என்று பெயரெடுத்த ஊர். சாராயக்கடைக்காரன் சொன்னது அப்படித்தான் நின்றுவிட்டது.

சுண்ணாம்பு சுட்டது நான். அடித்தது நான். செங்காவியைக் கையில் எடுத்துக் கீழே போட்டவனும் நான். உனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பழி என்னுடையது. உனக்கு நான் பார்த்துச் செய்தது ஒரே ஒரு காரியம், அதுவும் இப்படி ஆயிற்று.

என்னை மன்னிக்க வேண்டாம். பெட்சனிடம் மட்டும் மன்னிப்புக் கேள்.

அப்பா


லிவர்பூல்
செப்டம்பர் 14

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். நான் நினைவூட்டுகிறேன். வெள்ளை கேட்டவள் நான். கடலைப் பார்த்த சுவரை முதலில் அடியுங்கள் என்றவள் நான். நீங்கள் செங்காவி என்றீர்கள், நான் வேண்டாம் என்றேன். அவரிடம் சொல்லாதீர்கள், கடலில் இருந்தே பார்த்து அசந்து போகட்டும் என்று எழுதியவளும் நான். ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருந்தால் போதும். "அடியே, என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று சிரித்திருப்பார்.

அவர் பார்த்தாரா என்று கேட்டேனே உங்களிடம். பார்த்திருக்கிறார்.

உண்மை முழுவதையும் என் பெயரைப் போட்டு அந்தப் பத்திரிகைக்கு எழுதினேன். விசாரணை முடிந்த விஷயம், இடம் ஒதுக்க இயலாது என்று பதில் வந்தது. விசாரணை அதிகாரிக்கும் எழுதினேன். பதிலே இல்லை. சபை மூப்பரிடம் போய்ச் சொன்னேன். "துக்கத்தில் பேசுகிறாய், பிள்ளை" என்று தண்ணீர் கொடுத்தார். ஆக அவர் குடிகாரராகவே இருக்கப் போகிறார். நான் பரிதாபத்துக்குரியவளாகவே இருக்கப் போகிறேன்.

எஜமானர் குடும்பம் நியூயார்க்குக்குப் போகிறது. வேலைக்காரியாக நானும் போகிறேன். இம்மாதக் கடைசியில் கப்பல். அங்கே போய் எழுத மாட்டேன். என் கடிதத்தால் ஒருமுறை நடந்தது போதும்.

திரைத்துணியைச் சமையற்காரியிடம் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டில் ஆட்டையே குடிவையுங்கள்.

அத்தையிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.

ஷோனெட்


போர்த் கெசிக்
செப்டம்பர் 21

(பெட்சன் சொல்ல, ஹாப்கின் எழுதுவது.)

கண்ணு ஷோனெட்,

நீ கப்பல் ஏறதுக்குள்ள இது வந்து சேருமோ சேராதோ. சேரணும்னு வேண்டிக்கிறேன். கடல் காத்து ஒத்துக்காது, நெஞ்சைப் போத்திக்க. உனக்கு ஏற்கெனவே இருமல்.

உங்கப்பா உன்கிட்ட சொல்லிப்புட்டாருன்னு மூணு நாளைக்கு முன்னாலதான் எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டு நாளா அவருக்குக் கஞ்சி குடுக்கல. இன்னைக்குக் குடுத்தேன். என்ன பண்றது, அவருக்கும் யாரு இருக்கா?

நான் அவனைப் பெத்தவளான்னு நீ கேட்ட. அதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னாராமே உங்கப்பா. நீ கேக்காத. நீ கேட்டது சரிதான். நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாததை இப்போ சொல்றேன். அவரும் இதை இப்பத்தான் கேக்குறாரு. நிறுத்தாம எழுதுங்க.

உங்கப்பாவுக்குக் கடல் தெரியாது. உனக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எம் மாமனார், எம் புருசன், எம் புள்ள, மூணு பேரும் அந்த வெள்ளையைப் பாத்து வீட்டுக்கு வந்தவங்க. நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே எம் மாமனார் என்னை வாசல்ல நிக்கவச்சுச் சொன்னாரு: "ஆம்பளைங்க கடல்ல இருக்கையில பொழுது சாஞ்சா இந்தப் பக்கம் வெள்ளையா ஒரு துண்டு துணிகூடத் தெரியக் கூடாது." அதை நான் ஒருநாளும் மறந்ததில்ல. மழையோ காய்ச்சலோ, ஓடிப்போய் எடுத்துருவேன்.

அந்த வியாழக்கிழமை துவைச்சுப் போட்டிருந்தேன். கல்யாணத்துக்குப் புதுசா நெய்த வெள்ளைத் துப்பட்டி. சாயங்காலம் ஆச்சு. எம் புள்ள வர்ற நேரமாச்சேன்னு ஓடிப்போய் கொடியிலருந்து எடுத்தேன். ஒண்ணு விடாம எடுத்தேன். எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிமிந்து பாத்தேன். மேட்டுல உன் சுவரு வெயில் பட்டு நிக்குது.

எவ்வளவு அழகா இருக்கு, எம் மருமக வீடுன்னு நெனச்சேன். பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் துணியை மடிக்க உள்ள போயிட்டேன்.

அத்தை